நானோவிஎன்ஏ-வில் (சிக்னல் அனுப்பி பாகங்களை அளக்கற சின்னக் கருவி) 100 நானோஃபாரட் கெபாசிட்டர்: ஈஎஸ்ஆர் (கெபாசிட்டருக்குள்ள இருக்கிற தொடர் மின்தடை) ஏன் நிக்க மாட்டேங்குது?

கேள்வி (பீளமேடு): பம்ப் டிரைவ் போர்டுக்கான செராமிக். எஸ்11-ல் (ஒரே போர்ட்டுல திரும்பி வர்ற சிக்னல்) பார்த்தா ஈஎஸ்ஆர் ஒருக்கா 0.3 ஓம், ஒருக்கா மைனஸ். ஏனுங்க?

பதில்: எஸ்11 நம்பகமா இருக்கிறது 50 ஓமை ஒட்டித்தானுங்க. ரெண்டு போர்ட்டையும் நேரா இணைச்சு, சென்டர் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே கெபாசிட்டரை சால்டர் பண்ணுங்க. த்ரூ காலிபரேஷன் (ரெண்டு போர்ட்டும் நேரா இணைஞ்ச நிலையில கருவியைச் சரிபண்றது) அதே ஜிக்குல (இணைப்பு அமைப்புல), கெபாசிட்டர் வைக்கறதுக்கு முந்தி. எஸ்21-ங்கறது முதல் போர்ட்டுல இருந்து ரெண்டாவதுக்குப் போற சிக்னல்; இசட் (கெபாசிட்டரோட இம்பீடன்ஸ்) = 25 × எஸ்21 ÷ (1 − எஸ்21). ஈஎஸ்ஆர் 0.1 ஓம்னா எஸ்21 வரைவுல ரெசொனன்ஸ்ல வர்ற குழி மைனஸ் 48 டெசிபல்ல நிக்கும்.

பதில்: கெபாசிட்டரோட கம்பிக் காலை ஒட்ட நறுக்கோணும். மொத்த இண்டக்டன்ஸ் 1 நானோஹென்றின்னா ரெசொனன்ஸ் (கெபாசிட்டன்ஸும் இண்டக்டன்ஸும் ஒண்ணையொண்ணு ரத்து பண்ற இடம்) 16 மெகாஹெர்ட்ஸ். 10 ஆனா 5-க்கு இறங்கிரும். அதுக்கு மேல அது கெபாசிட்டரே இல்லீங்க, காயில்!

பதில்: போர்டுல இருந்து கழட்டினதுன்னா முதல்ல டிஸ்சார்ஜ் பண்ணிருங்க. மிச்சச் சார்ஜ் நானோவிஎன்ஏ-வோட போர்ட்டைக் காலி பண்ணிரும்.