காசிமேட்டு மேடையில் 1089ஆவது குறள்

காசிமேட்டில் எங்கள் தெருப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் நான் செய்துவரும் மனம் அறியும் வித்தை, கணக்கு ஆசிரியர்கள் பலருக்கும் தெரிந்த ஓர் எண் விளையாட்டை அடிப்படையாகக் கொண்டது. பார்வையாளர் ஒருவர் மூன்று இலக்க எண் ஒன்றை ரகசியமாக எழுதுகிறார். மூன்று இலக்கங்களும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அதைத் திருப்பிப் போட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வந்த விடையையும் திருப்பிப் போட்டு இரண்டையும் கூட்டினால், கழித்த விடை மூன்று இலக்கமாக இருக்கும் வரை, எந்த எண்ணில் தொடங்கியிருந்தாலும் 1089 வந்துவிடும். 723 என்றால் 327ஐக் கழிக்க 396. அதனுடன் 693ஐக் கூட்ட 1089. அந்த மூன்று இலக்க விடையின் நடு இலக்கம் எப்போதும் 9 ஆகவும், இரு ஓர இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 9 ஆகவும் அமைவதே இதற்குக் காரணம்.

திருக்குறளில் 1330 குறள்கள் இருப்பதால், இந்த எண்ணுக்குரிய குறளைப் பார்வையாளரே புத்தகத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். முதல் மூன்று இலக்கங்களை மட்டும் எடுத்து 108ஆவது குறளைச் சொல்லலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது ‘நன்றி மறப்பது நன்றன்று’. சிறு பிள்ளைக்கும் தெரிந்த குறளை நான் சொல்வதில் யாருக்கு வியப்பு ஏற்படும்? 1089ஆவது குறளோ, ‘பிணையேர் மடநோக்கும் நாணும் உடையாட்கு அணியெவனோ ஏதில தந்து’ என்பது. மானின் பார்வையும் நாணமும் உடைய பெண்ணுக்கு வேறு நகை எதற்கு என்று கேட்கும் அந்தக் குறள், படமாக வரைந்து காட்டுவதற்கென்றே எழுதப்பட்டது போல இருக்கிறது.

எழுதி வைத்துக்கொண்ட வசனத்தில் நான் மிகவும் உழைத்த இடம், கணக்கு முடிந்ததற்கும் புத்தகத்தைத் திறப்பதற்கும் நடுவிலுள்ள பேச்சு. விடை வந்தவுடன் புத்தகத்தைக் கொடுத்தால் கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று கூட்டம் உடனே பிடித்துவிடும். ஆகவே தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவர் எந்தத் தெரு, என்ன வேலை என்று நிதானமாக விசாரிப்பேன். அதன் பிறகு குறளை மனத்துக்குள் வாசிக்கச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் மானின் கண்களை மட்டும் வரைந்து நிறுத்துவேன். அடுத்து ஒரு சங்கிலியை வரைந்து, அதன் மேல் கோடு போட்டு அடிப்பேன். புத்தகத்தை வைத்திருப்பவரின் முகம் மாறுவதைக் கூட்டம் பார்த்த பிறகே குறளைச் சொல்வேன்.

கழித்த விடை சில நேரம் 99 ஆக வருவதுண்டு. ‘விடை இரண்டு இலக்கமா, மூன்று இலக்கமா?’ என்ற ஒரு கேள்வி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது 99ஆவது குறளான ‘இன்சொல் இனிதீன்றல் காண்பான்’ என்பதோடு நிறைவு செய்துவிடலாம். ஒரு முறை, ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் அக்கா ஒருவர் மேடைக்கு வந்து, தாளே வேண்டாமென்று எல்லாவற்றையும் மனக்கணக்காகவே போட்டு முடித்தார். பக்கத்தில் கைப்பேசியோடு நின்ற கல்லூரி மாணவரை அவர் முந்திவிட்டதற்கு எழுந்த கைதட்டல், என் வித்தைக்குக் கிடைத்ததை விடப் பெரியது.

அந்த விழாவுக்கு மறுநாள், நிகழ்ச்சியைப் பார்த்தே இராத ஒரு பெண்மணி படிப்பகத்துக்கு வந்தார். “தம்பி, மனசுல நினைச்சத அப்படியே சொல்றியாமே, எங்கூட்டு செயின் யாரு எடுத்தான்னு சொல்லு, ஆள் இன்னாருன்னு எனக்கு ஒரு சந்தேகம் கீது” என்றார். அவருக்குச் சொன்னவர்களின் கதையில் கழித்தலும் கூட்டலும் இல்லை. ஓர் எண்ணை நினைத்தார்கள், புத்தகத்தைத் திறந்தார்கள், இவர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். நான் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அந்தத் தெருவில் என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்கவே அச்சமாக இருந்தது. “அம்மா, இது வெறும் கணக்கு” என்று அவரையே ஓர் எண்ணை எழுதச் சொல்லி, 1089 வரும்வரை உடன் உட்கார்ந்து காட்டிய பிறகுதான் அவர் நம்பினார்.

அன்று முதல் வித்தையின் முடிவை மாற்றிவிட்டேன். குறளைச் சொல்லி முடித்ததும், கூட்டத்திலுள்ள ஒவ்வொருவரும் ஆளுக்கோர் எண்ணை எடுத்து அதே கணக்கைப் போடும்படி கேட்கிறேன். கழித்து 99 வந்தவர்களை மட்டும் அதை 099 என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். எல்லோருக்கும் ஒரே விடை வருகிறது, வீட்டுக்குப் போய்ச் சொல்லும்போது கணக்கும் சேர்ந்தே போகிறது. ரகசியத்தை உடைக்கலாமா என்று வித்தைக்கார நண்பர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். தெருவில் துணி போர்த்திய சிறுவனிடம் கேள்வி கேட்டு, கூட்டத்தார் கையிலுள்ள பொருளைச் சொல்ல வைக்கும் கலைஞர்களின் முறையை நான் எங்கும் விளக்கியதில்லை. அது அவர்களுடைய சோறு. 1846இல் பாரிஸில் பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட் ஊதென் தம் மகனைக் கொண்டு நடத்திய காட்சியும் அதே வகையைச் சேர்ந்ததுதான். 1089 அப்படிப்பட்டதன்று, அது எல்லோருக்கும் பொதுவான கணக்கு.

இதைச் செய்ய விரும்புகிறவர்கள், புத்தகத்தை முன்கூட்டியே புரட்டிப் பார்த்துவிடுங்கள். சில பதிப்புகளில் அதிகாரத்துக்குள் ஒன்று முதல் பத்து வரை மட்டுமே எண் இருக்கும். தொடர் எண் அச்சிட்ட பதிப்பையே மேடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.