பகுதி ஒன்று மொழிப்பாடமாகப் பிரெஞ்சு: முதல் பருவத்தில் உச்சரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

நெய்தல்:
கலைக் கல்லூரி, இளநிலை முதலாண்டு. வகுப்பில் 60 பேர். வீட்டில் தமிழ் பேசுபவர்கள், பள்ளியில் பிரெஞ்சு படிக்காதவர்கள். மொழி ஆய்வகம் கிடையாது, கைப்பேசிதான். தேர்வு முழுக்க எழுத்து என்பதால் உச்சரிப்புக்கு வகுப்புக்கு 10 நிமிடம் கிடைத்தால் பெரிது. 'தெரு' (rue), 'சக்கரம்' (roue) என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களுக்கும் ஒரே 'ரூ' சொல்கிறார்கள். மூக்குயிர்களுக்கு (மூக்கு வழியாகவும் ஒலிக்கும் உயிர்கள்) பின்னால் ஒரு 'ன்' ஒட்டிக்கொள்கிறது. 'ர'வில் தொடங்கலாமா?

ஒலியன்:
'ர'வைத் தள்ளி வையுங்கள். தமிழ் ர சொன்னாலும் பொருள் மாறாது. உயிர் தவறினால் மாறிவிடும். 'இரண்டு மணி', 'பன்னிரண்டு மணி' இரண்டையும் பிரெஞ்சில் பிரிப்பது முதல் உயிர் ஒன்றுதான். ரயிலைத் தவறவிட அது போதும்.

'தெரு'வுக்கு: ஈ என்று இழுக்கச் சொல்லுங்கள். குரலை நிறுத்தாமல், நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் ஊ-வுக்குக் குவிக்கட்டும். 'யூ' என்று கேட்டால் நாக்கு பின்னால் நழுவிவிட்டது. நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடியே இருக்க வேண்டும். உதட்டைக் கைப்பேசியின் முன்கேமராவில் பார்த்துக்கொள்ளலாம். இதே முறையில் ஏ-வின் நாக்கும் ஓ-வின் உதடும் சேர்ந்தால் 'இரண்டு' (deux) என்பதன் உயிர் வந்துவிடும்.

ஆனால் முதலில் காது. 'தெரு' என்றால் ஒரு விரல், 'சக்கரம்' என்றால் இரண்டு. வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு 10 முறை கலந்து சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு 8 சரியாக வரும்வரை பேச வைக்காதீர்கள். இல்லையென்றால் பழைய 'ரூ'வையே உறுதியாகச் சொல்லப் பழகிவிடுவார்கள்.

தாழ்வாரம்:
மூக்குயிர் நம் பேச்சுத்தமிழிலேயே இருக்கிறது, இதை மாணவர்களிடம் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு. 'மரம்' என்று பேச்சில் சொல்லும்போது உதடு மூடுவதில்லை. ஓகாரம் போன்ற ஒலி மூக்கில் முடிகிறது. 'நல்ல' எனப் பொருள்படும் 'போ(ன்)' கிட்டத்தட்ட அதுதான் (அடைப்புக்குள் உள்ள ன் மூக்கொலிக்கு அடையாளம் மட்டுமே). 'வரேன்' முடிவிலிருந்து, வாயை இன்னும் சற்றுத் திறந்தால், ஒயினைக் குறிக்கும் 'வே(ன்)'. 'வந்தான்' முடிவிலிருந்து, நாக்கைப் பின்னிழுத்தால், ஆண்டைக் குறிக்கும் 'ஆ(ன்)'. நான்காவது மூக்குயிர் பாரிஸ் உட்பட வடபகுதியில் பலரிடம் 'வே(ன்)' உயிரோடு கலந்துவிட்டது; முதல் பருவத்துக்கு மூன்று போதும்.

'ன்' ஒட்டுவதால் இன்னொரு கேடும் உண்டு. தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் அதிர்வொலியாகிவிடும் (தொண்டை அதிரும் ஒலி): பந்து, தங்கம். அதனால் அத்தையைக் குறிக்கும் 'தா(ன்)த்', 'தாந்து' ஆகிவிடுகிறது. 'ன்' போனால் த் தானாகத் தெளியும். கடைசி உகரத்தைத் தனியாக வெட்ட வேண்டும்: விரல்களைத் தொண்டையில் வைத்து, த் முடியும்போது அதிர்வு இல்லையா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மறக்க வேண்டாம்: பிரெஞ்சு த் பல்லைத் தொடும் ஒலி, நம் த் போல. ஆங்கிலப் பழக்கத்தில் ட் போடுகிறார்கள்.

நெய்தல்:
மிக்க நன்றி. அப்படியானால் 'ர' எப்போது? 60 பேரையும் தனித்தனியாகக் கேட்பது எப்படி?

ஒலியன்:
உயிர்கள் நிலைத்த பிறகு, பருவத்தின் பின்பாதியில். கொப்பளிக்கச் சொல்லாதீர்கள், தொண்டை இறுகி ஒலி முரடாகிவிடும். 'பகல்' என்பதை வேகமாகச் சொல்லும்போது க உரசலாக வருகிறதல்லவா, அந்த உரசலை உள்நாக்குப் பக்கம் தள்ளினால் போதும். நாக்கு நுனி கீழ்ப்பல்லை விட்டு எழும்பினால் தமிழ் ர திரும்பிவிடும். க், க்-இன் அதிர்வொலி ('தங்கம்' என்பதில் வருவது) இவற்றுக்குப் பின் வரும் ர-வில் தொடங்குங்கள். பின்னாக்கு ஏற்கெனவே உயர்ந்திருக்கும். சொல்லின் முதலில் வரும் ர கடைசியாக.

60 பேருக்கு: வாரம் ஒரு 30 விநாடிக் குரல்பதிவு எல்லோரும் அனுப்பட்டும், சுழற்சியில் 15 பேருடையதை மட்டும் கேளுங்கள். அந்த வாரத்து ஒலிக்கு மட்டுமே மதிப்பெண்.

தாழ்வாரம்:
ஒன்று சேர்க்கிறேன். பாடநூல் ஓரத்தில் உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்ள விடாதீர்கள், ஐயா. இங்கே வேறு வழியில்லாமல் எழுதுகிறோம். வகுப்பில் அது 'தெரு'வையும் 'சக்கர'த்தையும் மறுபடி ஒரே 'ரூ' ஆக்கிவிடும்.