எங்கள் புளி ஏன் புளி போல இல்லை? மன்றமாகச் சேர்ந்து மரங்களைப் பார்த்துப் படிப்பது எப்படி?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் சட்டியில் மரங்களைக் குட்டையாக வளர்க்கும் போன்சாய் கலைக்காகப் பதினெட்டு உறுப்பினர்களைக் கொண்ட சிறிய மன்றம் ஒன்றை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். சென்ற மாதம் எல்லோருடைய மரங்களையும் ஒரு கூடத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஆல், இச்சி, புளி, வேம்பு என இனங்கள் வேறாக இருந்தும், நெளிந்த அடிமரம், தட்டுத் தட்டாகப் பிரித்த இலைத்தொகுதிகள், முக்கோணமாக முடியும் உச்சி என்று அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. கூடத்துக் காவலாளி என்னுடைய பதினோரு வயதுப் புளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்ன மரம், சார்?" என்று கேட்டார். அவருடைய வீட்டு வாசலிலேயே புளியமரம் நிற்கிறது என்பது பிறகு பேச்சில் தெரிந்தது. ஜப்பானியப் பைன் மரங்களின் படங்களைப் பார்த்தே இந்தக் கலையைக் கற்றுக்கொண்ட நாங்கள், புளிக்கும் பைன் வேடம் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

எனவே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே சென்று மரங்களைப் பார்ப்பது என்று முடிவு செய்து, முதலில் கீழக்குயில்குடிக்குப் போய்ச் சமணர் மலை அடிவாரத்து ஆலமரங்களைப் பார்த்தோம். படம் எடுத்தோம், கட்டுச்சோறு உண்டோம், திரும்பினோம். அதன் பிறகு எவரும் தம் சட்டியில் ஓர் இலையைக்கூட வேறு விதமாகக் கிள்ளவில்லை. மரத்தடியில் நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும், அதை எப்படிக் குறித்துக்கொள்ள வேண்டும், பார்த்ததைச் சட்டிக்கு எப்படிக் கொண்டுவர வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

உடங்காடு எழுதியது:

நீங்கள் மரத்தின் வடிவத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த வடிவம் வந்த காரணத்தைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைக்காரன். நாங்கள் உடை என்று சொல்லும் குடைவேல் மரம்தான் எனக்கு ஆசிரியர். தூரத்திலிருந்து பார்த்தால் விரித்த குடை போலத் தட்டையான தலை மட்டுமே தெரியும். அதைப் பார்த்துவிட்டு வந்து சட்டியில் உள்ள மரத்தின் மேற்பகுதியைக் கத்தரியால் சமமாக வெட்டினால் கிடைப்பது குடைவேல் அல்ல, பூங்கா வேலிச்செடி. அடியில் போய் அண்ணாந்து பார்த்தால்தான் விஷயம் புலப்படும். நடுமரம் என்று ஒன்று தரையிலிருந்து சில அடிகளிலேயே காணாமல் போய்விடுகிறது. அங்கிருந்து நான்கைந்து கிளைகள் குடைக்கம்பி போலச் சாய்வாக மேலேறி, கவட்டை கவட்டையாகப் பிரிந்துகொண்டே போய், உச்சியில் மட்டும் படுக்கின்றன. உட்புறத்தில் இலையே இருக்காது, ஏனெனில் வெயில் அங்கே இறங்குவதில்லை. குடையின் அடிவிளிம்பு ஓர் அளவுகோல் வைத்தது போல நேராக இருக்கிறதென்றால், அது ஆடு பின்னங்கால்களில் எழுந்து நின்று எட்டும் உயரம்.

காரணம் தெரிந்ததும் சட்டியில் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடுகிறது. உச்சியை விட்டுக்கொடுத்து நடுத்தண்டை முதலிலேயே தாழ்வாக வெட்ட வேண்டும்; கிளைகளைக் கம்பி கட்டிக் கீழே இழுக்கக் கூடாது; உள்ளே முளைக்கும் சுள்ளிகளைத் தொடர்ந்து கிள்ள வேண்டும். இப்படிப் பார்த்தவர்கள் பிற நாடுகளிலும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் சார்ல்ஸ் செரோனியோ தம் நாட்டு வேல மரங்களைப் பார்த்து ஒரு பாணியை வகுத்து, அத்தகைய மரங்களைத் தீட்டிய ஓவியர் பியர்நீஃபின் பெயரையே அதற்கு வைத்தார். அமெரிக்காவின் லூசியானாவில் வான் பான்டிங் சதுப்பு நிலத்துச் சைப்ரஸ் மரங்கள் முதுமையில் தலை தட்டையாவதைக் கண்டு அதைச் சட்டியில் கொண்டுவந்தார்.

காற்றடித்த பாணியைப் பற்றியும் ஒரு சொல். பலரும் எல்லாக் கிளைகளையும் சீவிய தலைமயிர் போல ஒரே திசைக்குக் கம்பியால் வளைத்துவிடுகிறார்கள். உப்புக்காற்று உண்மையில் கிளையை வளைப்பதைவிட மொட்டைக் கொல்வதையே அதிகம் செய்கிறது. கடல் பக்கத்து மொட்டுகள் கருகிவிட, மறுபக்கத்து மொட்டுகள் மட்டுமே பிழைத்து வளர்கின்றன. ஆகவே காற்றுப் பக்கத்தில் குட்டையான, காய்ந்த முளைகள் நிற்கும். சில கிளைகள் காற்றை நோக்கிப் புறப்பட்டுப் பிறகு மனம் மாறியது போலத் திரும்பியிருக்கும். கம்பியை வைத்துவிட்டு, ஒரு பக்கத்து மொட்டுகளை மட்டும் நான்கைந்து ஆண்டுகள் கிள்ளிக்கொண்டே வாருங்கள். நம்பத்தகுந்த மரம் கிடைக்கும்.

இலைநரம்பு எழுதியது:

மேலே எழுதிய நண்பர் சொன்னது சரி. ஆனால் காற்று, வெயில், ஆடு ஆகியவற்றோடு அரிவாளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் தாவரவியல் கற்பிப்பவள். மாணவர்களை வெளியே அழைத்துச் செல்லும்போது அவர்கள் முதலில் செய்யும் தவறு, ஊருக்குள் நிற்கும் மரத்தை இயற்கையான மரம் என்று எடுத்துக்கொள்வது. ஊர் வேம்பு ஆட்டுத் தழைக்காகக் கழிக்கப்பட்டது, சாலையோரப் புளி பேருந்துக்கு இடம் விடுவதற்காக ஒரு பக்கம் வெட்டப்பட்டது, உசில் அரப்புத் தழைக்காக மொட்டையடிக்கப்பட்டுப் பின் துளிர்த்தது. உங்கள் மதுரைக்கு அருகிலேயே இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காடு இருக்கிறது. அரிவாள் படாத உசில் எப்படி நிற்கும் என்பதை அங்கே பார்த்துவிட்டு, அதே நாளில் வயல் வரப்பில் நிற்கும் உசிலையும் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று சத்தியம் செய்வீர்கள். வெட்டுப்பட்ட மரத்தைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சட்டி மரமும் வெட்டுப்பட்ட மரம்தானே. வெட்டிய இடத்திலிருந்து எத்தனை துளிர்கள் எழுந்தன, எது மற்றவற்றை அமுக்கி மேலேறியது, காயம் எப்படி மூடியது என்பவையெல்லாம் கவாத்துக் கற்க வந்தவர்களுக்கு நல்ல பாடங்கள். எது எவருடைய வேலை என்று பிரித்தறிந்தால் போதும்.

கோயில்காட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். நடுவில் நிற்கும் மரங்கள் ஒல்லியாக, நேராக, அடிக்கிளை இல்லாமல் வெளிச்சத்தைத் தேடி உயர்ந்திருக்கும். ஓரத்து மரங்கள் வெளிப்பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் மட்டும் தாழ்வான கிளைகளைக் கொண்டிருக்கும். ஒரே சட்டியில் பல மரங்களை வைத்துத் தோப்பு அமைப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிட்டு, நடுமரத்துக்கும் கீழ்க்கிளை விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் புளியைப் பற்றி: பைன் மரக் கிளைகளைக் கீழ்நோக்கிச் சாய்ப்பதற்கு, அந்த மரங்கள் வளரும் மலைகளில் குளிர்காலந்தோறும் கிளைமேல் படியும் பனியின் பாரம் ஒரு காரணம். நம் சமவெளியில் அந்தப் பாரம் கிடையாது. மேலும் அகன்ற இலை மரங்கள் சாயும் கிளையின் மேற்பக்கத்தில் இழுக்கும் தன்மையுள்ள மரத்திசுவை உண்டாக்கிக் கிளையை மேலே தூக்கப் பார்க்கின்றன. பைன் போன்ற ஊசியிலை மரங்களோ அடிப்பக்கத்திலிருந்து தள்ளுகின்றன. முதிர்ந்த புளியில் பெருங்கிளைகள் சாய்வாக மேலெழுந்து அகன்று பரவ, வெளிவிளிம்பின் மிலார்கள் மட்டும் தழையின் எடையால் தொங்குவதைக் காணலாம். தட்டுத் தட்டான இலைத்தொகுதிகள் அதில் எங்கும் இல்லை.

குறிப்பெடுப்பது பற்றி: கைப்பேசியை முதல் அரைமணி நேரம் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். படம் மரத்தைத் தட்டையாக்கிவிடும். முன்னும் பின்னும் வரும் கிளைகள் அதில் தொலைந்துபோகும். பென்சிலால் கிளைக்கோடுகளை மட்டும் வரையட்டும், படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. நெஞ்சுயரத்தில் சுற்றளவை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். ஒரு மீட்டர்க் கோலின் நிழலோடு மரத்தின் நிழலை ஒப்பிட்டு உயரத்தைக் கணக்கிடுங்கள். முதல் பெருங்கிளை எந்த உயரத்தில் பிரிகிறது என்று எழுதுங்கள். முதல் கிளை மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும் என்று பயிற்சிகளில் சொல்கிறார்களே, அந்த விதி உங்கள் ஊர் மரங்களில் எத்தனைக்குப் பொருந்துகிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். மாசி, பங்குனியில் வாகையும் அரசும் இலை உதிர்த்து நிற்கும் நாட்களைத் தவறவிடாதீர்கள். கிளையமைப்பை வரைய அதைவிட நல்ல பருவம் கிடையாது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் உங்களுக்குப் பக்கம்தான். பாறையைப் பற்றி வளரும் வேர்களை அங்கே பார்க்கலாம். பார்த்து வரைந்துகொண்டு வாருங்கள். கன்று எதையும் பெயர்க்காதீர்கள். பெயர்த்துத்தான் பழக வேண்டும் என்றால் நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டுச் சீமைக் கருவேலத்தைப் பெயர்த்துக்கொள்ளுங்கள், நன்றிகூடக் கிடைக்கும்.

மண்சட்டி எழுதியது:

நான் முப்பது ஆண்டுகளாகச் சட்டி மரங்களோடு இருப்பவன். மேலே உள்ளவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இயற்கையில் கண்டதை அப்படியே சுருக்கினால் போன்சாய் ஆகிவிடும் என்ற நம்பிக்கையோடு யாரும் கிளம்ப வேண்டாம். கிளையும் தண்டும் சுருங்கும், இலை அந்த அளவுக்குச் சுருங்காது. ஆலிலை உள்ளங்கை அகலம் இருக்கும். இலைகளைக் கிள்ளிக் கிள்ளிச் சிறிதாக்கினாலும் ஓரடி உயர மரத்தில் அது இலையாகத் தெரியாது, விசிறியாகத்தான் தெரியும். ஆகவே ஆலின் வடிவத்தைப் படியுங்கள், அதைச் சிறிய இலையுள்ள கல் இச்சியில் நடத்துங்கள். புளிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் சிற்றிலைகள் ஏற்கெனவே நமக்கு வேண்டிய அளவில்தான் இருக்கின்றன.

பட்டுப்போன மரப்பகுதியை வெள்ளையாக நிறுத்திவைக்கும் ஜப்பானிய வழக்கமும் அப்படித்தான். பிசினும் எண்ணெயும் நிறைந்த ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்துக்கு அது பொருந்தும். நான் ஒரு முறை இச்சியில் அதைச் செய்து, மரத்தை வெளுப்பாக்கிக் காக்கும் சுண்ணாம்பு கந்தகக் கரைசலும் பூசி, இரண்டே மழைக்காலத்தில் பூஞ்சைக்கும் கறையானுக்கும் பறிகொடுத்தேன். நம் ஊர் முதுமரங்கள் வெளியே வெளுப்பதில்லை, உள்ளே பொந்தாகின்றன. சாலையோரப் புளிகளின் பொந்துகளை எட்டிப் பாருங்கள். ஓரம் சுருண்டு தடித்து, உயிருள்ள பட்டை உள்நோக்கி மடிந்திருக்கும். முதுமையைக் காட்ட நமக்குக் கிடைத்த வழி அதுதான்.

ஆலைப் பார்க்கப் போனவர்கள் எல்லோரும் அடிமரத்தைத்தான் படம் எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் விழுந்துவிட்டது. கொல்கத்தா தாவரவியல் தோட்டத்துப் பேராலின் தாய்மரம் பூஞ்சை நோயால் 1925-இல் அகற்றப்பட்டது. இரண்டு மரங்களும் விழுதுகளின் மேல் இன்றும் நிற்கின்றன. நடுவில் வெற்றிடமும் சுற்றிலும் தூண்களுமாக ஒரு மரத்தை நாம் ஏன் சட்டியில் முயன்று பார்க்கக் கூடாது? விழுதை இறக்குவதற்கு, கிளையில் அரும்பும் வேரை ஈரப்பாசி நிரப்பிய உறிஞ்சுகுழலுக்குள் விட்டு மண் வரை கொண்டுபோனால் போதும். காற்றில் ஈரம் இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் விரைவாக இறங்கும். மண்ணைத் தொட்டு வேர்பிடித்ததும் விழுது தானே சுருங்கிக் கயிறு போல விறைத்துவிடும். ஆகையால் வளைந்து தொங்கும் விழுதைக் கண்டு கவலைப்படவோ, அதைக் கம்பியால் நிமிர்த்தவோ வேண்டாம்.

பயணம் பற்றி ஒரு கருத்து வேறுபாடு. பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு இடங்களைப் பார்ப்பதைவிட, ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரே மரத்தை ஓராண்டு முழுவதும் பார்ப்பது மேல். சுற்றுலாப் பேருந்து ஏறினால் சங்கம் வளரும், கண் வளராது.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றைய கூட்டத்தில் இவை அனைத்தையும் வாசித்துக் காட்டினேன். மண்சட்டி ஐயாவின் கருத்துக்கு எதிர்ப்பு இருந்தது, ஏனெனில் பாதிப் பேர் பயணத்துக்காகவே மன்றத்துக்கு வருகிறார்கள். முடிவில், ஆளுக்கு ஒரு வீட்டருகு மரம், மூன்று மாதத்துக்கு ஒரு பயணம் என்று ஒப்புக்கொண்டோம். முதல் பயணம் வெள்ளிமலைக் கோயில்காடு. கைப்பேசி அரைமணி நேரத்துக்குப் பையில்.

என்னுடைய ஆண்டு மரம் காவலாளி வீட்டு வாசல் புளி. அவரிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அதன் முதல் பெருங்கிளை ஆள் உயரத்தில் பிரிகிறது; உச்சி எது என்று சொல்லவே முடியவில்லை. சட்டிப் புளியின் கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டேன். அதன் முக்கோண உச்சியை இப்போது, இந்த மழை மாதத்திலேயே வெட்டிவிடலாமா, அல்லது காத்திருக்க வேண்டுமா?

மண்சட்டி எழுதியது:

காத்திருங்கள். அடைமழையில் வெட்டிய பெரிய காயத்தில் நீர் தங்கி அழுகல் இறங்கும். பங்குனியில் புதுத் துளிர் அரும்பும்போது, நீர் வழிந்தோடும்படி சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் காயப்பசை பூசுங்கள். அதுவரை காவலாளி வீட்டுப் புளியை நான்கு பக்கமிருந்தும் வரைந்து இங்கே போடுங்கள். எந்தக் கிளைக்கு மேல் வெட்டுவது என்பதை அதைப் பார்த்துப் பேசுவோம்.