ஏஎம்எல் (ரத்தப் புற்றுநோயின் ஒரு வகை) ரிப்போர்ட்டில் என்பிஎம்1, எஃப்எல்டி3-ஐடிடி, எஸ்ஆர்எஸ்எஃப்2 ஆகிய மூன்று ஜீன் மாற்றங்களும் இருந்தால் எந்த ரிஸ்க் குரூப்?

பாத்தாலஜி_பிஜி:
58 வயது, புது ஏஎம்எல். ஏபிஎல் (தனிச் சிகிச்சை தேவைப்படும் ஏஎம்எல் வகை) இல்லை என்பது உறுதி. மஜ்ஜையில் பிளாஸ்ட் (முதிராத செல்) 64%. என்ஜிஎஸ் பேனலில் (பல ஜீன்களை ஒன்றாக வாசிக்கும் டெஸ்ட்) என்பிஎம்1 (விஏஎஃப், அதாவது மாறிய பிரதிகளின் பங்கு, 38%), டிஎன்எம்டி3ஏ (44%), எஸ்ஆர்எஸ்எஃப்2 (41%). ஃபிராக்மென்ட் அனாலிசிஸில் (பிசிஆர் துண்டுகளின் நீளத்தை அளக்கும் டெஸ்ட்) எஃப்எல்டி3-ஐடிடி (எஃப்எல்டி3 ஜீனின் ஒரு பகுதி இரட்டித்தல்), ரேஷியோ 0.31. கேரியோடைப் (குரோமோசோம் ஆய்வு) இன்னும் வரவில்லை. ஈஎல்என் (ஐரோப்பிய லுகேமியா நெட்வொர்க்) 2017 வகைப்பாட்டை வைத்துப் பார்த்தால் ரேஷியோ 0.5-க்குக் கீழே, ஆகவே ஃபேவரபிள். 2022-ஐ வைத்து ஒருவர் இன்டர்மீடியட் என்கிறார், இன்னொருவர் அட்வெர்ஸ் என்கிறார். எதை எழுதுவது?

குருதியியல்_வார்டு:
2017-ஐ இனி எடுக்க வேண்டாம். ஐடிடி ரேஷியோவை 2022-ல் முழுதாக நீக்கிவிட்டார்கள். லேபுக்கு லேப் அந்த எண் மாறுகிறது, மைடோஸ்டாரின் (எஃப்எல்டி3 தடுப்பு மருந்து) வந்தபின் ஐடிடி-யின் பாதிப்பும் முன்போல இல்லை, சிகிச்சைக்குப் பிந்தைய எம்ஆர்டி-க்கு (மிச்சமிருக்கும் நோயின் அளவுக்கு) மதிப்பு கூடிவிட்டது. இப்போது ஐடிடி இருந்தாலே, என்பிஎம்1 இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேறு அட்வெர்ஸ் மாற்றம் இல்லை என்றால் இன்டர்மீடியட்.

சிக்கல் எஸ்ஆர்எஸ்எஃப்2-வில். ஏஎஸ்எக்ஸ்எல்1, பிகோர், ஈசெட்எச்2, ரன்எக்ஸ்1, எஸ்எஃப்3பி1, எஸ்ஆர்எஸ்எஃப்2, ஸ்டாக்2, யு2ஏஎஃப்1, செட்ஆர்எஸ்ஆர்2 ஆகிய ஒன்பதும் எம்டிஎஸ் (மஜ்ஜை சரியாக ரத்த செல் உருவாக்காத நோய்) சார்ந்த ஜீன்கள். இவற்றில் ஒன்று இருந்தாலே அட்வெர்ஸ். ஃபேவரபிள் வகையோடு சேர்ந்து வந்தால் மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அடிக்குறிப்பு சொல்கிறது. உங்கள் நோயாளிக்கு ஐடிடி இருப்பதால் அவர் ஃபேவரபிளில் இல்லை, அந்த விலக்கு அவருக்குக் கிடைக்காது. எழுத்துப்படி அட்வெர்ஸ்தான்.

ஆனால் வார்டில் அடுத்த வேலை இரண்டுக்கும் ஒன்றே. 3+7 (தீவிர கீமோ) கொடுத்தால் 8-ஆம் நாளிலிருந்து 21 வரை மைடோஸ்டாரின் 50 மி.கி. தினம் இருவேளை. போசகோனசோல் (பூஞ்சைத் தடுப்பு மருந்து) ஓடிக்கொண்டிருந்தால் மைடோஸ்டாரின் அளவு ரத்தத்தில் ஏறும், கவனம். எச்எல்ஏ டைப்பிங்கை (டோனர் பொருத்தம் பார்க்கும் டெஸ்ட்) முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். ரெமிஷன் (நோய் அடங்கிய நிலை) வந்தபிறகு டோனர் தேடக் கிளம்பினால் நேரம் போய்விடும்.

மாலிக்யூலர்_பெஞ்ச்:
கேரியோடைப் வராமல் குரூப் எழுதுவதையே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்பிஎம்1 இருந்தாலும் காம்ப்ளெக்ஸ், மோனோசோமி 7, இன்வெர்ஷன் 3 மாதிரி குரோமோசோம் மாற்றம் ஒன்று வந்தால் அட்வெர்ஸ். டிபி53 மாற்றம் 10% அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அப்படியே. கேரியோடைப்புக்கான பச்சை மூடி ஹெப்பாரின் டியூப் அறை வெப்பத்தில், அன்றே லேபுக்குப் போக வேண்டும். செல் உயிரோடு இருந்தால்தான் கல்ச்சர் வளரும், ஃப்ரீசரில் வைத்தால் முடிந்தது. 20 மெட்டாஃபேஸ் (பிரியும் நிலையில் உள்ள செல்) கிடைக்கவில்லை என்றால் 'நார்மல்' என்று எழுதிவிடாமல் 5, 7, 17, கேஎம்டி2ஏ, மீகாம் ஆகியவற்றுக்கு ஃபிஷ் (குறிப்பிட்ட குரோமோசோம் பகுதியைத் தேடும் டெஸ்ட்) போடுங்கள். டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்கும் ஊதா மூடி இடிடிஏ. ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும்.

மஜ்ஜையின் முதல் இழுப்பையே மாலிக்யூலருக்கும் ஒதுக்குங்கள். அடுத்தடுத்து இழுக்க இழுக்க ரத்தம் கலந்து விஏஎஃப் எல்லாமே இறங்கும்.

எண்களைக் கலக்காதீர்கள். ரேஷியோ என்பது மாறிய பீக் ஏரியாவை இயல்பான பீக் ஏரியாவால் வகுத்தது. 0.31 என்றால் விஏஎஃப் 0.31 ÷ 1.31, சுமார் 24%. என்பிஎம்1-இன் 38%-ஐவிடக் குறைவு. அதாவது எஸ்ஆர்எஸ்எஃப்2, டிஎன்எம்டி3ஏ முதலில் வந்து, பிறகு என்பிஎம்1, கடைசியாக ஒரு பகுதி செல்களில் மட்டும் ஐடிடி என்று வாசிக்கலாம். நீளமான ஐடிடி-க்கு பிசிஆர் சரியாகப் பெருகாது, ஆகவே 24% குறைமதிப்பாகவும் இருக்கலாம். ஃபிராக்மென்ட் அனாலிசிஸ் தனியாகச் செய்தது நல்ல வேலை. ஷார்ட் ரீட் என்ஜிஎஸ் மட்டும் நம்பினால் இதே ஐடிடி தப்பிப் போகும். கடைசியாக வந்த குளோன் என்பதால் ரிலாப்ஸில் (நோய் திரும்பும்போது) அது காணாமலும் போகலாம், புதிதாக இன்னொன்று முளைக்கவும் செய்யலாம். அப்போது எஃப்எல்டி3-ஐ மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

பாத்தாலஜி_பிஜி:
நன்றி சார். இதயம் 3+7 தாங்காது என்று சொல்லி, அசா-வெனிடோக்ளாக்ஸ் (தீவிரம் குறைந்த சிகிச்சை) கொடுத்தால்? அப்போதும் இதே குரூப்பா?

குருதியியல்_வார்டு:
இல்லை. 2022 வகைப்பாடு தீவிர கீமோ பெற்றவர்களின் தரவில் எழுந்தது. தீவிரம் குறைந்த சிகிச்சைக்கு ஈஎல்என் 2024-ல் தனியாக ஒன்று வந்திருக்கிறது. அதில் டிபி53 இருந்தால் அட்வெர்ஸ். அது இல்லாமல் எஃப்எல்டி3-ஐடிடி, என்ராஸ், கேராஸ் இவற்றில் ஒன்று இருந்தால் பெரும்பாலும் இன்டர்மீடியட். இவருக்கு ஐடிடி இருப்பதால் இன்டர்மீடியட். எஸ்ஆர்எஸ்எஃப்2 அங்கே அவரை அட்வெர்ஸுக்குத் தள்ளாது. ரிப்போர்ட்டில் 'அட்வெர்ஸ்' என்று மொட்டையாக எழுதாமல், எந்த ஆண்டு, எந்தச் சிகிச்சைக்கு என்று சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்துக் குடும்பம் சிகிச்சையே வேண்டாம் என்று கிளம்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

மாலிக்யூலர்_பெஞ்ச்:
இன்னொன்று, இப்போதே செய்தால்தான் உண்டு: கீமோ தொடங்கும் முன் எடுத்த ஆர்என்ஏ-வைச் சேமித்து வையுங்கள், என்பிஎம்1 எந்த டைப் என்றும் எழுதுங்கள். ஏ, பி, டி தவிர அரிய டைப் என்றால் வழக்கமான ஆர்டி-கியூபிசிஆர் (ஆர்என்ஏ அளவைப் பார்க்கும் டெஸ்ட்) பிரைமர் பிடிக்காது, பின்னால் பொய்யாக 'நெகட்டிவ்' வரும். தீவிர கீமோவில் இரண்டாம் சுற்று முடிந்து கை ரத்தத்தில் பார்க்க வேண்டும். 2016-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அந்தக் கட்டத்தில் ரத்தத்தில் என்பிஎம்1 மிச்சமிருந்தவர்களில் 3 ஆண்டில் 82% பேருக்கு நோய் திரும்பியது. இல்லாதவர்களில் 30%. ஒட்டுமாற்று பற்றிப் பேசும்போது எஸ்ஆர்எஸ்எஃப்2-வைவிட இந்த ஒரு டெஸ்டுக்கு நான் அதிக எடை கொடுப்பேன். டிஎன்எம்டி3ஏ-வை மட்டும் எம்ஆர்டி-யாக எடுக்காதீர்கள். ரெமிஷனிலும் அது அப்படியே நிற்கும், அதை வைத்து நோய் மிச்சம் என்று சொல்ல முடியாது.