படகு பேட்டரி 14 மாதத்திலேயே இறங்குகிறது, வழி சொல்லுங்கள்

நாகப்பட்டினம் விசைப்படகு. லைட், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் காட்டும் கருவி), வயர்லெஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி இரண்டு, பேரலலில். இஞ்சின் ஸ்டார்ட் பண்ண தனி பேட்டரி, அதில் குறை இல்லை. பழைய செட் நாலு வருஷம் ஓடியது. இது 14 மாதம்தான்.

இஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டால் இரவு இரண்டு மணிக்குள் 11.4 வோல்ட். லைட் மங்கி, ஜி.பி.எஸ். அணைந்துவிடுகிறது. நடுக்கடலில் அது அணைந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆல்டர்னேட்டர் 14.2 கொடுக்கிறது. பெல்ட்டை இறுக்கி, டெர்மினலைச் சுரண்டி, டிஸ்டில் வாட்டரும் ஊற்றியாச்சு. கரையில் ஒரு நாள் முழுக்க சார்ஜ் போட்டுப் பார்த்தும் ஒரு பேட்டரியில் மூன்றாவது செல்லில் மட்டும் ஆசிட் அடர்த்தி (ஹைட்ரோமீட்டர் அளவு) 1180, மற்றதிலெல்லாம் 1250.

போன வருஷம் படகில் இருக்கும் பசங்களுக்காக இதே பேட்டரியில் இன்வெர்ட்டர் வைத்தேன். அதிலிருந்து தினமும் அடி வரை இறங்குகிறது. அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் சார்ஜே போடாமல் விட்டுவிட்டேன்.

செல் போன பேட்டரியை மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமா?