‘போர்டேஜ்’ என்பதற்குத் தமிழ்: காவுகை, காவுதடம்?

மடல் 1

வணக்கம்.

அமெரிக்க மேற்குத் திசைப் பயணங்களுக்கான சொற்பட்டியலில் ‘போர்டேஜ்’ மட்டும் இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறது. ஆற்றில் அருவியோ பாறையோட்டமோ குறுக்கிட்டால், அல்லது ஓர் ஆற்றை விட்டு இன்னோர் ஆற்றுக்கு மாற வேண்டுமென்றால், தோணியையும் சரக்கையும் கரையேற்றித் தரைவழியே கொண்டுபோய் மறுபடி நீரில் இறக்குவார்கள். அதுதான் போர்டேஜ். சுமத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல்.

ஆங்கிலத்தில் அந்தச் செயலுக்கும் அது நடக்கிற தடத்துக்கும் ஒரே பெயர். ‘போர்டேஜ் பதினொரு நாள் பிடித்தது’ என்றும் எழுதுவார்கள், ‘போர்டேஜ் எட்டரை மைல் நீளம்’ என்றும் எழுதுவார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாக்கியம் நொண்டும்.

எந்தச் சொல்லை முன்வைத்தாலும், மேற்குக்கு வழி தேடிப் போன லூயிஸ், கிளார்க் பயணக்குழுவின் 1805 கிரேட் ஃபால்ஸ் நிகழ்வில் வைத்துச் சோதிக்கலாம். மிசூரி ஆற்றின் அந்த இடத்தில் ஒன்றல்ல, ஐந்து அருவிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மெரிவெதர் லூயிஸ் ஜூன் 13 அன்று அங்கே போய்ச் சேர்ந்தார். வில்லியம் கிளார்க் தென்கரையில் நடந்து அளந்து, கம்பு நட்டு வழி குறித்தார். தூரம் ஏறத்தாழ 18 மைல். ஆறு தோணிகளையும் சரக்கையும் ஏற்ற வண்டிகள் செய்தார்கள். ஏறத்தாழ 22 அங்குல விட்டமுள்ள காட்டன்வுட் மரம் ஒன்று நல்ல நிலையில் கிடைக்க, அதைக் குறுக்கே அறுத்துச் சக்கரமாக்கினார்கள். பெரிய தோணியின் பாய்மரம் அச்சாயிற்று.

உடைந்ததும் அந்த அச்சுதான். பாய்மரம் அச்சுக்கு ஒல்லி. ஏர்க்காலுக்குப் போட்ட காட்டன்வுட்டோ மென்மையானது, சட்டென்று முறியும். முதல் நாளே எட்டு மைல் போவதற்குள் பலமுறை உடைந்து, கடைசியில் வில்லோ மரத்தில் அச்சும் ஏர்க்காலும் புதிதாகச் செய்து மாட்டினார்கள். அதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. தரையும் கொடியது. மழையில் காட்டெருமைகள் மிதித்த சேறு காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. எங்கும் சப்பாத்திக் கள்ளி. தோல் செருப்புக்கு இரட்டை அடித்தோல் தைத்தும் முள் ஏறியது. காற்று வாட்டமாக அடித்தபோது வண்டிமேல் இருந்த தோணியில் பாய் விரித்து, தரையிலேயே பாயோட்டினார்கள். ஜூன் 22இல் தொடங்கிய வேலை ஜூலை 2இல் முடிந்தது.

இதையெல்லாம் ஒரு சொல் தாங்க வேண்டும். உங்கள் முன்மொழிவுகள்?

மடல் 2

என் பரிந்துரை ‘கரைச்சுமப்பு’. தடத்துக்குச் ‘சுமப்புவழி’. படித்த உடனே புரியும், இலக்கணச் சிக்கலும் இல்லை.

மடல் 3

> என் பரிந்துரை ‘கரைச்சுமப்பு’.

ஐயா, ‘கரை’ பொருளைக் குறுக்கிவிடுகிறது. கிரேட் ஃபால்ஸுக்கு அது பொருந்தும், ஏனென்றால் அங்கே தடம் அதே ஆற்றின் தென்புறமாகவே போகிறது. ஆனால் 1673இல் பிரெஞ்சுப் பயணிகளான மார்க்கெட்டும் ஜோலியேயும் ஃபாக்ஸ் ஆற்றிலிருந்து விஸ்கான்சின் ஆற்றுக்கு மாறிய இடத்தில் கரையோடு போகிற வழியே கிடையாது. ஃபாக்ஸ் நீர் பேரேரிகளுக்குப் போகும், விஸ்கான்சின் நீர் மிசிசிப்பியில் விழுந்து மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். நடுவே தாழ்ந்த ஈரநிலம். நீர்பிரி மேட்டைக் குறுக்காகக் கடப்பதுதான் அங்கே போர்டேஜ்.

நான் ‘காவுதல்’ என்ற வினையை முன்வைக்கிறேன். இலங்கையில் இது இன்றும் அன்றாடப் பேச்சு: ‘மூட்டையைக் காவிக்கொண்டு போ’. துருப்புக்காவி (படையினரை ஏற்றும் வண்டி), நோய்க்காவி (நோய் பரப்பும் உயிரி) எல்லாம் இதில் பிறந்தவைதான். செயலுக்குக் ‘காவுகை’, தடத்துக்குக் ‘காவுதடம்’, வினையாகக் ‘காவு’: தோணியைக் காவினார்கள்.

சுப்பீரியர் ஏரியிலிருந்து பிஜன் ஆற்றுக்குப் போகும் கிராண்ட் போர்டேஜைப் பார்த்தால் இந்த வினை எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். நீளம் எட்டரை மைல். மென்மயிர்த்தோல் வணிகம் செய்த நார்த் வெஸ்ட் கம்பனியின் சரக்குப் பொதி ஒன்று 90 பவுண்டு. நெற்றியில் அகலமான தோல்வாரை மாட்டி, அதன் முனைகளால் முதல் பொதியைக் கட்டி முதுகின் கீழ்ப்பகுதியில் தொங்கவிடுவார்கள். இரண்டாவதை அதன்மேல் தோள்களுக்கு இடையே வைப்பார்கள். ஆள் முன்னே குனிந்தால்தான் பாரம் கால்களுக்கு நேராக இறங்கும். நிமிர்ந்தால் கழுத்தைப் பின்னுக்கு இழுத்துவிடும்.

மொன்றியலிலிருந்து கம்பனித் தோணிகளில் வந்த ஒவ்வோர் ஆளும் எட்டுப் பொதிகளைக் கடத்திக் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு என்றால் சுமையோடு நான்கு நடை, வெறுங்கையோடு திரும்புவது மூன்று நடை. ஆக ஏறத்தாழ 60 மைல் நடை, அதில் 34 மைல் தலையில் வாரோடு. எனவே ‘காவுதடத்தின் நீளம்’ வேறு, ‘காவுகையின் தூரம்’ வேறு. இரண்டு சொற்கள் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. அந்தத் தடத்தில் 16 ‘போஸ்’ உண்டு. பொதிகளை இறக்கிவைக்கும் இடங்கள் அவை. முழுத் தூரமும் ஒரே மூச்சில் போகாமல், எல்லாச் சரக்கையும் முதல் போஸ் வரை சேர்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்வார்கள். சரக்கு பிரிந்து கிடக்காது, அடுத்த பொதிக்குத் திரும்பி நடக்கும் நேரமே இளைப்பாறலும் ஆகும். அதனால் தடத்தின் நீளத்தையே போஸ் கணக்கில் சொன்னார்கள். இதற்குத் ‘தரிப்பு’ என்று வைக்கலாமா? பேருந்துத் தரிப்பிடம் எங்களுக்குப் பழகிய சொல்.

மடல் 4

‘தரிப்பு’ மிக நன்று, ‘பதினாறு தரிப்பு நீளமுள்ள தடம்’ என்று சரளமாக எழுத வருகிறது. ‘சுமைதாங்கி’ என்று யோசித்துப் பார்த்தேன், அது கல்லால் கட்டிய மேடை. போஸில் எந்தக் கட்டுமானமும் இல்லை, ஆகவே விட்டுவிட்டேன்.

‘காவு’ குறித்துத்தான் தயங்குகிறேன், அம்மா. தமிழ்நாட்டு வாசகருக்குக் காவு என்றால் பலி. ‘வெள்ளம் மூவரைக் காவு வாங்கியது’ என்றுதான் செய்தித்தாள்களில் படிக்கிறார்கள். ‘கிரேட் ஃபால்ஸ் காவு’ என்று தலைப்புப் போட்டால் ஆட்கள் செத்தார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். அங்கே ஜூன் 29 அன்று ஆலங்கட்டி மழையில் பலருக்கு மண்டை உடைந்தது. திடீர் வெள்ளத்தில் கிளார்க், குழுவோடு போன ஷோஷோனிப் பெண் சகாகவேயா, அவள் குழந்தை, கணவன் ஷார்போனோ ஆகியோர் மயிரிழையில் தப்பினார்கள். ஆனால் யாரும் சாகவில்லை. அந்தப் பயணம் முழுவதிலும் இறந்தவர் 1804 ஆகஸ்டில் நோயால் மாண்ட சார்ஜன்ட் சார்ல்ஸ் ஃபிலாய்ட் ஒருவர்தான். ஒரு சொல்லால் வரலாற்றுப் பிழை புகுந்துவிடக் கூடாது.

ஆனால் புறநானூறு 206ஆம் பாட்டு நினைவுக்கு வந்தபோது என் தயக்கம் பாதி தீர்ந்தது. அதியமான் வாயிலில் ஔவையார் ‘காவினெம் கலனே’ என்கிறார். அங்கே கலன் என்பது யாழ் முதலிய கருவி, அவற்றைக் காவில், அதாவது தோளில் சுமக்கும் தண்டில், தொங்கவிட்டுப் புறப்பட்டுவிட்டோம் என்பது பொருள். காவடியிலும் இதே காவுதான் இருக்கிறது. ஆகவே இது இலங்கைக்கு மட்டுமான சொல் அல்ல, நாம் புழக்கத்தில் தொலைத்த சொல். தனியே ‘காவு’ என்று பெயர்ச்சொல்லாக எங்கும் வராமல், எப்போதும் ‘காவுகை’, ‘காவுதடம்’ என்றே எழுதுவதானால் ஏற்கிறேன்.

ஒரு கேள்வி: கிரேட் ஃபால்ஸில் சக்கரம் வைத்து இழுத்தார்களே, அதுவும் காவுகையா?

மடல் 5

> சக்கரம் வைத்து இழுத்தார்களே, அதுவும் காவுகையா?

ஆம் என்றே எடுத்துக்கொள்கிறேன். மூலச்சொல்லும் சுமத்தலைத்தான் குறிக்கிறது, வண்டி வந்தபோதும் அவர்கள் பெயரை மாற்றவில்லை. எப்படிக் கொண்டுபோனார்கள் என்பதை அடைமொழியில் சொல்லிவிடலாம்: தோள்காவுகை, வண்டிக்காவுகை.

தோணி கட்டாயம் உடன் போக வேண்டும் என்று வரையறையில் எழுதக் கூடாது. கிராண்ட் போர்டேஜில் 36 அடி நீளமுள்ள மொன்றியல் தோணிகள் ஏரியோடு நின்றுவிட்டன. சரக்கு மட்டும் கடந்து, மறுமுனையில் 25 அடி அளவுள்ள சிறிய தோணிகளில் ஏறியது. ‘தோணியோ சரக்கோ இரண்டுமோ’ என்று எழுதுகிறேன்.

சிகாகோ காவுதடம் இன்னொரு திருத்தத்தைக் கேட்கிறது. டெ பிளேன்ஸ் ஆற்றுக்கும் சிகாகோ ஆற்றுக்கும் நடுவே சேற்று ஏரி ஒன்று இருந்தது. வெள்ளக் காலத்தில் தோணியை விட்டு இறங்காமலே கடந்துவிடலாம். கோடையில் பல மைல் சுமக்க வேண்டும். அதாவது காவுகையே இல்லாத மாதத்திலும் அது காவுதடம்தான். 1848இல் திறந்த இல்லினாய் மிச்சிகன் கால்வாய் அந்தத் தடத்தின் தேவையைத்தான் தீர்த்தது. கிராண்ட் போர்டேஜை அங்குள்ள பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் ‘கிச்சி ஒனிகமிங்’ என்கிறார்கள், பெருங்காவுதடம் என்று பொருள். அந்தத் தடம் அவர்களுடையது, வணிகர்கள் பின்னால் வந்தவர்கள். பட்டியலில் ஒஜிப்வே பெயரை முதலிலும் பிரெஞ்சுப் பெயரை அடுத்தும் போடுகிறேன்.

எங்கே இந்தச் சொல்லைப் போடக் கூடாது என்பதும் முக்கியம். கண்டத்தைக் கடக்க வணிகத்துக்கு உதவும் நீர்வழி தேடத்தான் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் 1803இல் லூயிஸை அனுப்பினார். மிசூரியின் தலைப்பிலிருந்து கொலம்பியாவின் கிளையாற்றுக்கு ஒரு சிறு காவுகை போதும் என்பது அந்நாளைய நம்பிக்கை. 1805 ஆகஸ்ட் 12 அன்று லெம்ஹை கணவாயில் ஏறிய லூயிஸ் கண்டது, மேற்கே இன்னும் பனிமூடிய மலைத்தொடர்களை. தோணிகளில் கல் நிரப்பிக் குளத்தில் அமிழ்த்திவிட்டு, ஷோஷோனிப் பூர்வகுடிகளிடம் குதிரை வாங்கிப் போனார்கள். மலைக்கு அப்பால் கிளியர்வாட்டர் ஆற்றங்கரையில், நெஸ் பெர்ஸ் மக்களின் உதவியோடு ஐந்து தோணிகளைப் புதிதாகக் குடைய வேண்டியதாயிற்று. தரைவழி 340 மைல், அதில் 140 மைல் கடும் மலை என்று லூயிஸ் 1806இல் ஜெஃபர்சனுக்கு எழுதினார். அதைக் ‘காவுகை’ என்று மொழிபெயர்த்தால் தவறு. நீர்ப்பயணத்தின் இடைவெளியாக இல்லாமல் பயணமே குதிரைப்பயணமாக மாறிவிட்டது. அங்கே ‘தரைவழிக் கடப்பு’ என்று போடுவோம்.

மறுப்பு வராவிட்டால் இப்படியே பதிகிறேன். ‘போர்டேஜ்’ என்னும் விஸ்கான்சின் ஊர்ப்பெயர் மட்டும் ஒலிபெயர்ப்பாகவே இருக்கும்.

மடல் 6

மறுப்பு இல்லை. விட்டுப்போனது ஒன்று: ‘டெஷார்ஜ்’. ஓட்டம் கடுமையாக, ஆனால் கடக்கக்கூடியதாக இருந்தால் சரக்கை மட்டும் இறக்கிச் சுமந்து, வெறுந்தோணியைக் கயிறு கட்டி நீரிலேயே மேலே இழுப்பார்கள். பாதிச் சரக்கை மட்டும் இறக்குவது ‘டெமிஷார்ஜ்’. காவுகையோடு குழப்பாமல் இவற்றை ‘முழுவிறக்கம்’, ‘அரையிறக்கம்’ என்று தனிப்பதிவாகப் போடுங்கள்.