புதுப் பெடியனை ஜி லீக்குக்கு அனுப்பினா அது தண்டனையா?

கனகாம்பிகைக்குளம்:
என்பிஏ (வட அமெரிக்காவின்ர முதல்தரக் கூடைப்பந்து லீக்) அணியான ரொறன்ரோ ராப்டர்ஸ், முதலாம் வருசப் பெடியன் ஒருத்தனை ஜி லீக்கில (என்பிஏக்குக் கீழ இருக்கிற, வீரரை வளர்க்கிற லீக்) விளையாடுற தங்கட அணியான ராப்டர்ஸ் 905க்கு அனுப்பினாலே, "அவனைக் கழிச்சுப் போட்டாங்கள்" எண்டுதான் இங்க கதை. சம்பளம் குறையுமா? எத்தனை தரம் அனுப்பலாம்? இன்னொண்டும் கேக்கவேணும். மாவட்ட அணிக்கு எடுபட்டு வாங்கிலயே இருக்கிற 17 வயசுப் பெடியனைப் பாடசாலை அணியில விளையாட விடுறதும் இதே மாதிரித்தானா?

முறிகண்டி:
ரெண்டு வகை இருக்கு, அதைப் பிரிச்சுப் பாருங்கோ. வழமையான ஒப்பந்தத்தில இருக்கிறவனை அனுப்பினா என்பிஏ சம்பளத்தில ஒரு சதமும் குறையாது. 15 பேர் பட்டியல்ல அவன்ர இடமும் அப்பிடியே இருக்கும். என்பிஏ அனுபவம் 3 வருசத்துக்குக் குறைவெண்டா எத்தனை தரமும் அனுப்பலாம். அதுக்கு மேல எண்டா அவன்ர சம்மதமும் வீரர் சங்கத்தின்ர சம்மதமும் வேணும்.

மற்றது இருவழி ஒப்பந்தம், அதாவது என்பிஏயிலயும் ஜி லீக்கிலயும் மாறி மாறி விளையாடுறதுக்கானது. 2017இல வந்தது, இப்ப அணிக்கு 3 பேர் வைச்சிருக்கலாம். சம்பளம் புதுமுக வீரனுக்குரிய ஆகக்குறைஞ்ச தொகையில அரைவாசி. 50 என்பிஏ ஆட்டங்களுக்கு மேல அவனைப் பட்டியல்ல போடேலாது. பிளேஓஃபில (பருவ முடிவில வாற கிண்ணத்துக்கான சுற்றுகள்) இறக்கிறதெண்டா முதல்ல வழமையான ஒப்பந்தமா மாத்தவேணும்.

திருப்பி எடுக்கிறது அண்டைக்கே நடக்கும். 905 விளையாடுறது பக்கத்து மிசிசாகாவில. காலமை அங்க பயிற்சி செய்தவன் பின்னேரம் ரொறன்ரோ வாங்கில இருக்கலாம்.

வட்டக்கச்சி:
தண்டனை இல்லை எண்டுறதுக்கு ராப்டர்ஸில விளையாடின பஸ்கல் சியாக்கமே போதும். 2016 டிராஃப்டில (என்பிஏ அணிகள் புதுமுக வீரரைத் தெரிவு செய்யிறது) 27ஆவதா வந்தவர், 2017இல 905 கிண்ணம் எடுக்கேக்க இறுதிச் சுற்றின்ர சிறந்த வீரர். டிராஃப்டிலயே எடுபடாத ஃபிரெட் வன்வ்லீற்றும் அந்த அணியில இருந்தவர். 2019இல ரெண்டு பேரும் என்பிஏ சம்பியன்கள்.

ஆனா அனுப்பினா மட்டும் காணாது. மேல, என்பிஏயில, 4 நிமிசம் விளையாடுறவனுக்குப் பிழை விட்டுத் திருத்த நேரமில்லை. ஒரு பிழை விட்டா வாங்குக்கு வந்திடுவான். கீழ, ஜி லீக்கில, 30 நிமிசம் நிண்டா அதே பிழையை மூண்டு தரம் விட்டு நாலாந்தரம் திருத்தலாம். அந்த நிமிசங்களுக்காகத்தான் அனுப்புறது.

கெட்டுப்போறது பெரும்பாலும் வேலை மாறுறதால. மேல மூலையில நிண்டு பந்து வந்த உடன எறியவேண்டியவனிட்டக் கீழ முழுப் பந்தையும் குடுத்து, ஆட்டத்துக்கு 20 தரம் எறிய விடுறாங்கள். அவன் 25 புள்ளி எடுப்பான், ஆக்கள் கைதட்டுவினம். திரும்பி மேல போனா பந்து இல்லாமல் எங்க ஓடி நிக்கிறதெண்டே தெரியாது. உயரமான பெடியனுக்கு நேர்மாறு: கூட விளையாடுற கார்ட்மார் (பந்தைக் கொண்டு போய் ஆட்டத்தை நடத்துறவை) எல்லாம் தங்கட ஒப்பந்தத்துக்காக விளையாடுறவை, உள்ளுக்குப் பந்து வராது. அவனுக்கு எந்த ஆட்டமுறையில எத்தனை தரம் பந்து போகவேணும் எண்டு ரெண்டு பயிற்றுநரும் முதலே கதைச்சு வைக்கவேணும். தடுப்பு முறைகளுக்கு ரெண்டு அணியிலயும் ஒரே பேர் இருக்கிறதும் முக்கியம்.

ஒரு நாள் இங்க, ஒரு நாள் அங்க எண்டு இழுக்கிறதும் கூடாது. பயணத்திலயே பயிற்சி போயிடும்.

எண்களைப் பாக்கிறவை ஒண்டைக் கவனியுங்கோ. 2019-20இல இருந்து ஜி லீக்கில பவுலுக்கு ஒரே ஒரு ஃபிரீ த்ரோதான் (தடுக்க ஆளில்லாமல் கோட்டில நிண்டு எறியிறது), அது கூடைக்குள்ள போனா பவுலைப் பொறுத்து 1, 2 அல்லது 3 புள்ளி. நாலாவது கால்பகுதியின்ர கடைசி 2 நிமிசத்திலயும் மேலதிக நேரத்திலயும் மட்டும் பழைய முறை. அதால ஃபிரீ த்ரோ எண்ணிக்கையை என்பிஏயோட நேரா ஒப்பிட்டா பிழைக்கும்.

கனகாம்பிகைக்குளம்:
நல்ல விளக்கம் அண்ணை. எங்கட பெடியன்ர விசயத்துக்கு என்ன சொல்லுறியள்?

வட்டக்கச்சி:
பாடசாலை அணியில விளையாட விடுங்கோ தம்பி. 40 நிமிச ஆட்டத்தில 30 நிமிசம் நிக்கட்டும், ஆனா ரெண்டு வேலை மட்டும் குடுங்கோ: இடக்கையால லேஅப் (கூடைக்குக் கிட்ட ஓடிப்போய்ப் பந்தைப் போடுறது), பந்தில்லாத பக்கத்தில நிண்டு கூட்டாளிக்கு உதவித் தடுப்பு. எத்தனை தரம் முயற்சி செய்தான், எத்தனை சரி வந்தது எண்டு கொப்பியில எழுத ஒருத்தரை இருத்துங்கோ. மாவட்ட அணியோட கிழமைக்கு ரெண்டு நாள் பயிற்சியைத் தவறவிடப்படாது, தவறவிட்டா அந்த அணியின்ர ஆட்டமுறையே மறந்துபோகும்.

முறிகண்டி:
ரெண்டு அணியிலயும் ஓடினா கால் தாங்காது. எங்கட திடல்கள் கனக்கச் சீமெந்துத் தரை. முழங்காற் சில்லுக்குக் கீழ எலும்பு முனையில நோகுது எண்டா அந்தக் கிழமை பாய்ச்சல் பயிற்சியை நிப்பாட்டுங்கோ, நோ தொடர்ந்தா ஆசுப்பத்திரியில காட்டுங்கோ. சோளகக் காத்து மாதங்கள்ல தரையில மணல் படியும், கூட்டாமல் பந்தை எடுக்கவேண்டாம்.

பட்டியல் ஒட்டுறதுக்கு முதல் பெடியனையும் தாய் தேப்பனையும் கூப்பிட்டு, ஏன் அனுப்புறம், எந்தத் திகதியில திரும்பப் பாப்பம் எண்டு சொல்லுங்கோ. அந்தத் திகதியைக் கட்டாயம் காப்பாத்துங்கோ.